அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குடும்ப வன்முறை அனுபவம், டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

உம்லாஸ்_கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மாதர் சங்கம், ஆடிக் கஞ்சிப் பூசைகள் முடிந்ததும் ஒரு மதியம் குடும்ப வன்முறை பற்றிப் பேசத் தீர்மானித்திருக்கிறது. குறிப்புகளைத் தொகுப்பது என் பொறுப்பு. தேடியதில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளே அதிகம் கிடைக்கின்றன. இனம், பண்பாடு, பெண் என்ற நிலை மூன்றும் சேர்ந்து அவர்களை எப்படி நெருக்குகின்றன என்று நிறைய எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் நிலை வேறு, நம் நிலை வேறு என்பது தெரியும். ஆனாலும் அங்கே கண்டறிந்தவற்றில் எது இங்கே உதவும், எதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது? பொதுவான அறிவுரை வேண்டாம். போலீஸ் கவுண்டரில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில் ஒரு பெண் என்ன செய்ய வேண்டும், எங்கே காரியம் கெடுகிறது என்று சொல்லுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுவார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஆயாக்கள், அதாவது பாட்டிமார், சிலர் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களும் உண்டு.

---

வடக்குவாசல் பதில்:

அமெரிக்கப் பக்கத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பாதியாகப் புரிந்துகொண்டுதான் பலர் பேசுகிறார்கள்.

2010-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது துணைவரால் வன்புணர்வு, அடி, பின்தொடர்தல் ஆகியவற்றில் ஒன்றுக்கு ஆளானதாகச் சொன்ன கறுப்பினப் பெண்கள் 43.7 விழுக்காடு, வெள்ளையினப் பெண்கள் 34.6 விழுக்காடு. கொலையில் இடைவெளி இன்னும் பெரிது. 18 மாநிலங்களில் 2003 முதல் 2014 வரையிலான பதிவுகளின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் கறுப்பினப் பெண்களில் 4.4 பேர் கொல்லப்பட்டார்கள், வெள்ளையினப் பெண்களில் 1.5 பேர். சூழ்நிலை தெரிந்த பெண் கொலைகளில் பாதிக்கு மேல் துணைவர் வன்முறையோடு தொடர்புடையவை.

இதைப் பார்த்துவிட்டு "அவர்கள் பண்பாடே அப்படி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஆய்வுகள் காட்டுவது வேறு. ஒரு பெண் உதவி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அவள் தரவேண்டிய விலை என்ன என்பதைத்தான் அவை காட்டுகின்றன. போலீஸைக் கூப்பிட்டால் கணவன் உயிரோடு திரும்புவானா என்ற பயம் அவளுக்கு உண்டு. அது கற்பனைப் பயம் அல்ல. கறுப்பின ஆண்களைப் போலீஸ் நடத்திய விதத்தின் நீண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. "நம் ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா" என்ற குரல் வீட்டிலும் தேவாலயத்திலும் எழும். வாடகை வீட்டுக்காரர் பக்கமும் விலை உண்டு. மில்வாக்கி நகரில், ஒரு வீட்டிலிருந்து அடிக்கடி போலீஸுக்கு அழைப்பு போனால் உரிமையாளருக்கு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குடும்ப வன்முறை அழைப்பால் வந்தவை என்றும், அவை கறுப்பினத்தார் வாழும் பகுதிகளில் குவிந்திருந்தன என்றும் 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. உரிமையாளர் என்ன செய்வார்? பெண்ணைக் காலி செய்யச் சொல்வார்.

இன்னொன்று, "கறுப்பினப் பெண் வலிமையானவள், தாங்கிக்கொள்வாள், கோபக்காரி" என்ற படிமம். திருப்பி அடித்தாலோ உரக்கப் பேசினாலோ அவளையும் சேர்த்துக் கைது செய்வது இதனால் எளிதாகிறது. புளோரிடாவில் மரிஸ்ஸா அலெக்சாண்டர், 2010-இல் கணவனை எச்சரிக்கச் சுட்டார். யாருக்கும் காயமில்லை. 2012-இல் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டு, 2015-இல் உடன்பாட்டின் பேரில் சிறையிலிருந்து வெளியே வந்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1991-இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி உண்டு, உங்கள் சங்கத்துக்கு அது கட்டாயம் தேவை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் பகுதிவாரியான குடும்ப வன்முறைக் கணக்கைக் கேட்டார். தர மறுத்தார்கள். வெளியிட்டால் இது சிறுபான்மையினர் பிரச்சினை மட்டும்தான் என்று சொல்லிப் போலீஸ் கை கழுவிவிடும் என்று பெண்கள் அமைப்பினரில் சிலர் அஞ்சினர். இனத்தின் பெயர் கெடும் என்று சமூகத் தலைவர்கள் அஞ்சினர். இரண்டு தரப்பும் நல்ல நோக்கத்தோடுதான் பேசின. நடுவில் அந்தப் பெண்கள் கணக்கிலேயே இல்லாமல் போனார்கள். அதே கட்டுரையில், ஆங்கிலம் தெரியாததால் காப்பகம் ஏற்க மறுத்த ஸ்பானிஷ் மொழிப் பெண் ஒருத்தியும் வருகிறாள். உங்கள் ஆயாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

கரும்புத்தோட்டம் பதில்:

வடக்குவாசல் சொன்னதை இங்கே வைத்துப் பார்க்கலாம்.

பொருந்தாதது முதலில். நம் பெண்கள் போலீஸைக் கூப்பிடத் தயங்குவதற்குக் காரணம், அவன் சுடப்படுவான் என்ற பயம் பெரும்பாலும் அல்ல. ஸ்டேஷனில் இருப்பவருக்கு மாமனாரைத் தெரியும் என்பதுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் இரண்டும் நிறவெறி ஆட்சியின் இனவாரிப் பகுதிச் சட்டத்தால் இந்தியரை ஒரே இடத்தில் அடைத்து உண்டான ஊர்கள். வெளியே போக வழியில்லாமல் மூன்று தலைமுறை ஒரே சாலையில் வாழ்ந்தவர்களுக்கு, ஒரு வீட்டுச் சண்டை மறுநாள் கோயில் வாசலில் பேச்சாகும். அதனால் மறைப்பது பழக்கமானது.

படிமமும் நேர் எதிர். கறுப்பினப் பெண்ணைக் கோபக்காரி என்று சொல்லி, அவள் பேச்சை நம்ப மறுக்கிறார்கள். நம் பெண்ணைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தே கேட்காமல் விடுகிறார்கள். அவள் கவுண்டரில் தலைகுனிந்து மெதுவாகப் பேசினால், "பெரிய விஷயமில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்" என்கிறார்கள். ஆகவே சங்கத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியது வாக்கியம். "எங்கள் வீட்டில் கொஞ்சம் பிரச்சினை" என்று தொடங்கக் கூடாது. "இந்தத் தேதி, இந்த நேரம், என் கணவர் என் கழுத்தை நெரித்தார்" என்று முதல் வாக்கியத்திலேயே செயலைச் சொல்ல வேண்டும்.

"கல்லானாலும் கணவன்", "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பவை தமிழே பேசாத வீடுகளிலும் ஆங்கிலத்தில் நடமாடுகின்றன. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் தாங்களே அடி வாங்கியவர்கள். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒப்பந்தக் கூலிக் காலத்தில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தில்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்தில் பெண்ணுக்குக் கூலி ஆணுக்குக் கொடுத்ததில் பாதி. அடிக்கிறவனை விட்டுப் போனால் சாப்பாடே இல்லை என்ற நிலையில் பிறந்த புத்திமதி அது. இன்று அந்த நிலை இல்லை, புத்திமதி மட்டும் நிற்கிறது.

கல்யாணப் பதிவு பற்றி ஒரு எச்சரிக்கை. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். நம் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் இன்றும், தாலி கட்டி முடித்து உள்துறை அமைச்சகத்தில் பதியாத கல்யாணம் திருமணச் சட்டத்தின்படி கல்யாணம் ஆகாது. வழக்கத் திருமணங்களுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கப் பழங்குடி வழக்கங்களுக்கு மட்டும்தான். கணவன் உயில் எழுதாமல் இறந்தால் இந்து முறைத் துணைவிக்கும் பங்கு உண்டு என்று கோவெண்டர் எதிர் ராகவைய்யா வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது, ஒருதார மணத்துக்கு. விவாகரத்துக்கு அந்த வழி இல்லை. "பதியவில்லை, உனக்கு ஒன்றும் கிடையாது" என்று மிரட்டுவது இதனால்தான் எடுபடுகிறது. அந்த மிரட்டல், அடிக்கிறவனைத் தடுக்கக் கோர்ட் தரும் பாதுகாப்பு உத்தரவைத் தொடாது. குடும்ப வன்முறைச் சட்டத்தில், எந்தச் சட்டம், வழக்கம், சமயப்படி நடந்த கல்யாணமும் கணக்கு. நிச்சயம் ஆனவர்கள், காதலர்கள், சேர்ந்து வாழ்கிறவர்கள்கூட அடக்கம்.

---

மூன்றாம்_பிறை பதில்:

அந்தப் பாதுகாப்பு உத்தரவு, அதாவது நம்மூரில் இன்டர்டிக்ட் என்று சொல்லும் ப்ரொடெக்‌ஷன் ஆர்டர் பற்றி. குடும்ப வன்முறைச் சட்டம், அதாவது 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் எண் சட்டம், 2021-இல் திருத்தப்பட்டு, திருத்தம் 14 ஏப்ரல் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டும் அல்ல. பணத்தைப் பிடுங்குவது, போனைக் கண்காணிப்பது, யாரோடும் பேசவிடாமல் கட்டுப்படுத்துவது எல்லாம் அதில் வரும். "விரதம் இருக்கிறவள் கணவனை எதிர்க்கலாமா" என்று சமய நம்பிக்கையைக் காட்டி வன்முறையை நியாயப்படுத்துவதும் ஆன்மிக வன்முறை என்ற பெயரில் சேர்ந்திருக்கிறது. இதைச் சங்கத்தில் உரக்க வாசியுங்கள்.

நம் பெண்களுக்கு முக்கியமான முதல் செய்தி: இது சிவில் உத்தரவு. வாங்கினால் அவன் ஜெயிலுக்குப் போகமாட்டான், குற்றப் பதிவும் வராது. மீறினால்தான் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அடிக்காக வழக்குப் போடுவது தனி, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். "பிள்ளைகளின் அப்பாவை உள்ளே தள்ள மனமில்லை" என்று பின்வாங்குகிறவர்களுக்கு இதைச் சொன்னாலே பாதித் தயக்கம் போகும்.

தான் வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அம்மா வீடு, வேலை செய்யும் இடம், அவன் வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம், இவற்றில் எதற்கு உரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் மனுக் கொடுக்கலாம். ஆகவே உள்ளூர் கோர்ட்டில் தெரிந்த முகம் இருந்தால் வேறு இடம் பார்க்கலாம். மனுவுக்குக் கட்டணமில்லை. குடியுரிமையும் கேட்பதில்லை. அவசரமென்றால் கோர்ட் நேரத்துக்கு வெளியிலும் கேட்கலாம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அபிடவிட்டில், அதாவது சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலத்தில். "எப்போதும் அடிக்கிறார், குடிக்கிறார்" என்று எழுதினால் மாஜிஸ்திரேட் கையில் பிடிக்க எதுவும் இல்லை. கடைசிச் சம்பவத்தை முதலில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த அறை, எந்தக் கை, என்ன பொருள், என்ன வார்த்தை, பிள்ளைகள் எங்கே இருந்தார்கள். அடுத்து இதுவரை நடந்ததிலேயே மோசமானது, அடுத்து முதல் முறை. துப்பாக்கி இருக்கிறதா என்பதைத் தனி வரியில் எழுதிப் பறிமுதல் கேளுங்கள். என்ன உத்தரவு வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். வீட்டுக்குள் வரக் கூடாது, வேலையிடத்துக்கு வரக் கூடாது, வாடகை அல்லது பாண்டு (வீட்டுக் கடன் தவணை) கட்ட வேண்டும், அவசரச் செலவுக்குப் பணம், சாமான் எடுக்கப் போலீஸ் துணை. கேட்காததைக் கோர்ட் தானாக நினைத்துப் போடும் என்று நம்பாதீர்கள். தங்கியிருக்கும் முகவரியை உத்தரவில் காட்ட வேண்டாம் என்றும் சொல்லலாம்.

மனுவில் அடிப்படை இருந்தால் அவனைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு கிடைக்கும். ஆனால் அவன் கையில் அது சேரும்வரை அதற்கு உயிர் இல்லை. ஷெரிப்போ போலீஸோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் நின்றுவிடுகிறது. வீட்டு முகவரி மட்டும் கொடுத்தால் "ஆள் இல்லை" என்று திரும்பிவரும். வேலையிடம், ஷிப்ட் நேரம், கார் எண், அம்மா வீடு எல்லாம் கொடுங்கள். கொடுத்தாகிவிட்டதா என்று கிளார்க்கை விடாமல் கேளுங்கள். சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 10 நாள் கழித்து விசாரணைத் தேதி வரும். அன்று அவள் போகாவிட்டால் இறுதி உத்தரவு கைநழுவிப் போகலாம். "அந்த நாளில் வீட்டில் பூசை, யாரும் வெளியே போகக் கூடாது" என்று மாமியார் நிறுத்துவது நடக்கிறது. கூட ஒருவர் போவது சங்கத்தால் செய்ய முடிந்த பெரிய உதவி.

உத்தரவோடு கைது வாரண்டும் வரும், நிறுத்திவைக்கப்பட்டதாக. மீறினால் அந்த வாரண்டையும் மீறலைச் சொல்லும் அபிடவிட்டையும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். வாரண்டை வீட்டில் வைக்காதீர்கள். தொலைந்தால் கோர்ட்டில் இன்னொன்று வாங்கலாம்.

அவனும் எதிர்மனுப் போடுவான். "அவளும் அடித்தாள்" என்று இருவர் மேலும் உத்தரவு வந்துவிட்டால், அடுத்த சண்டையில் அவளும் கைதாவாள். அமெரிக்காவில் இருவரையும் கைது செய்வது பற்றி வடக்குவாசல் சொன்னாரே, அதன் உள்ளூர் வடிவம் இது. அவள் தற்காப்புக்காகத் தள்ளியிருந்தால், கீறியிருந்தால் அதை மறைக்காமல் தன் அபிடவிட்டிலேயே காரணத்தோடு முதலில் சொல்லிவிட வேண்டும். "இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்ய மாட்டோம்" என்ற சமரசத் தாளில் கோர்ட் வராந்தாவில் கையெழுத்துப் போடக் கூடாது. சட்ட உதவி மையத்தின் இலவச எண் 0800 110 110.

போலீஸில் வழக்கு வேண்டாம் என்றாலும், குடும்ப வன்முறைச் சம்பவத்தை 508(ஏ) படிவத்தில் பதிவது அவர்கள் கடமை. "கோர்ட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் ஸ்டேஷன் கமாண்டரைக் கேளுங்கள், அந்தப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழ் அதிகாரபூர்வ மொழி அல்ல, ஆனால் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதன் பெயரைச் சொல்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று மனுக் கொடுக்கும்போதே கிளார்க்கிடம் எழுத்தில் கேளுங்கள். மகனோ மருமகனோ மொழிபெயர்க்கக் கூடாது.

---

பச்சிலை பதில்:

ஆஸ்பத்திரிப் பக்கம். இங்கே அமெரிக்க ஆய்வு நமக்கு நேராகப் பொருந்துகிறது, ஏனென்றால் இது தோல் நிறம் பற்றியது.

கருத்த தோலில் கன்றிய காயம் கண்ணுக்கு எளிதில் படாது. மருத்துவப் பாடங்கள் சொல்லும் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் வெளுத்த தோலை வைத்து எழுதியவை. அதனால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் காயங்கள் பதிவாகாமல் போகின்றன, நம் பெண்களுக்கும் அதுவே நடக்கிறது. "காயம் எதுவும் தெரியவில்லை" என்று, டாக்டர் காயங்களைக் கோர்ட்டுக்காகப் பதியும் ஜே88 படிவத்தில் ஒரு வரி விழுந்துவிட்டால், கோர்ட்டில் எதிர்த்தரப்புக்கு அதுவே ஆயுதம்.

செய்ய வேண்டியது: டாக்டரிடம் "எங்கே வலிக்கிறது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள், அழுத்தினால் வலி, வீக்கம், கெட்டியாக இருப்பது, சூடு இவற்றை எழுதச் சொல்லுங்கள். நிறம் தெரியாவிட்டாலும் இவை பதிவாகும். போட்டோவை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிளாஷ் கருத்த தோலில் பளபளப்பைத்தான் காட்டும். முகம் தெரிய ஒன்று, அந்த உறுப்பு முழுதும் தெரிய ஒன்று, அருகில் ஒரு ஐந்து ராண்டு காசு வைத்து ஒன்று. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் வீக்கத்தின் நிழல் தெரியும். எதிர்ப்பக்கத்துக் கை அல்லது காலையும் எடுங்கள், ஒப்பிட உதவும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்ப எடுங்கள், ஆழமான கன்றல் மேலே வர நேரமாகும். மஞ்சள் பற்றுப் போடுவதற்கு முன் எடுங்கள். மஞ்சள் நிறம் காயத்தை மூடிவிடும். 415 நானோமீட்டர் ஊதா ஒளியில் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சாதாரண வெள்ளை ஒளியைவிடக் கன்றல் மிகவும் நன்றாகத் தெரிகிறது என்று பல தோல் நிறங்களில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த விளக்கு எல்லா இடத்திலும் இருக்காது, கேட்பதில் தவறில்லை.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடமே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி. குரல் கரகரப்பு, விழுங்க வலி, கண் வெள்ளையில் அல்லது இமைக்குள் சிவப்புப் புள்ளி, மயக்கம், சிறுநீர் போனது, ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து சில நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். ஒருமுறை நெரித்தவன் பின்னால் கொல்லும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வு. "கழுத்தைப் பிடிச்சான், அவ்வளவுதான்" என்று எந்தப் பெண் சொன்னாலும் அந்த "அவ்வளவுதான்" என்பதை ஏற்காதீர்கள்.

வன்புணர்வு என்றால், கணவனே ஆனாலும், துதுசெலா மையம், அதாவது வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அரசு உதவி மையம். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியிலும், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியிலும் உண்டு. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போக வேண்டும். துணியைப் பிளாஸ்டிக் பையில் அல்ல, காகிதப் பையில் வையுங்கள்.

---

உம்லாஸ்_கரை:

மனமார்ந்த நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். மனைவி முறையிட்டால் கணவனையும் கூப்பிட்டு, சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கிச் சேர்த்துவைக்கலாம் என்று நிர்வாகக் குழு பெரியவர் ஒருவர் சொல்கிறார். இரண்டாவது, அடிப்பது கணவன் அல்ல, மாமியாரும் நாத்தனாரும் என்றால்? வீடும் மாமியார் பேரில் இருந்தால்?

---

மூன்றாம்_பிறை:

இரண்டாவதற்கு முதலில். கல்யாணத்தால் வந்த உறவினரும், ஒரே வீட்டில் வாழ்பவர்களும் சட்டத்துக்குள் வருகிறார்கள். மாமியார் மேல் தனி மனு, நாத்தனார் மேல் தனி மனு போடலாம். வீடு யார் பேரில் என்பது உத்தரவைத் தடுக்காது, ஆனால் சொந்தக்காரியை வெளியேற்ற மாஜிஸ்திரேட் யோசிப்பார். அதனால் மாற்றாக இன்ன அறைக்குள் வரக் கூடாது, சமையலறையைத் தடுக்கக் கூடாது, போனையும் பாஸ்போர்ட்டையும் திருப்பித் தர வேண்டும் என்று குறுகலாகக் கேளுங்கள்.

பாஸ்போர்ட் முக்கியமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு. அவர்கள் விசா கணவனோடு கட்டப்பட்டது, உறவு முடிந்தால் விசாவும் ஆட்டம் காணும். இங்கே குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் நிலைமை வேறு: உறவு முறிந்ததும் வெளிநாட்டுப் பெற்றோர் நாட்டைவிட்டுப் போயாக வேண்டும் என்ற விதி செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் டிசம்பர் 2023-இல் சொல்லிவிட்டது. வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே வக்கீலைப் பார்க்க வேண்டும், அவன் உள்துறை அமைச்சகத்துக்கு எழுதிய பிறகு அல்ல.

---

கரும்புத்தோட்டம்:

சூடம் பற்றி நான் சொல்கிறேன். வேண்டவே வேண்டாம். அவன் முன்னால் அவள் உண்மையைப் பேச முடியாது, பேசினால் வீடு திரும்பும் வழியிலேயே அடி விழும். குழுவிலிருந்து அவனுக்குப் போன் போனாலே, அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்று தெரிந்துவிடும். பிரிய நினைக்கும் காலம்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். சத்தியத்தை அவன் மீறினாலோ, "நீ என்ன செய்து அவனை மீறவைத்தாய்" என்று அவளையே கேட்பார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் போதகர்கள் சிலர் "பிரார்த்தனை செய், பொறுத்திரு" என்று திருப்பி அனுப்பியதும் இதே வகைதான்.

பெரியவருக்குச் செய்ய வேறு வேலை கொடுங்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கத்தில் 0800 428 428 என்ற அரசு உதவி எண்ணையும், காசில்லாதவர்கள் திரும்ப அழைக்கச் சொல்ல *120*7867# என்பதையும், போலீஸ் எண் 10111-ஐயும் ஒட்டச் சொல்லுங்கள். அங்கேதான் கணவன் கண் படாது. கோயில் அலுவலகத்தில் பூட்டுள்ள ஒரு அலமாரி ஒதுக்கட்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாரண்ட், நகல் சாவி இவற்றை ஒட்டிய உறையில் வைத்துக்கொள்ள. யார் உறை என்பது இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். குழுவுக்குச் சட்டக் கடமையும் ஒன்று உண்டு. குழந்தையோ, ஊனமுற்றவரோ, முதியவரோ வீட்டில் வன்முறைக்கு ஆளாவதாகத் தெரிந்தால், சந்தேகப்பட்டாலும்கூட, பெரியவர்கள் யாராயினும் போலீஸிடமோ சமூகநலப் பணியாளரிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது குற்றம். ஓய்வூதியத்தை மகன் பிடுங்கிக்கொள்ளும் ஆயாவும் இதில் அடக்கம். வயது வந்த மனைவி விஷயத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, அவள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது.

---

பச்சிலை:

அந்த மதியத்துக்கு ஒரு நாள்காட்டியும் பேனாவும் எடுத்துப் போங்கள். செவிலியர் ஜாக்குலின் கேம்பல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீடு, 20 கேள்விகள், ஒரு நாள்காட்டியில்தான் தொடங்குகிறது. கடந்த ஓராண்டில் அடி விழுந்த நாட்களை அவளே குறிக்க வேண்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எவ்வளவு கடுமை என்று ஒரு எண். தீபாவளி, காவடி, சம்பள நாள் என்று சொல்லிக் கேட்டால் நினைவு வரும். "எப்போதாவதுதான்" என்று சொன்ன பெண்ணுக்கே, குறித்து முடித்ததும் இடைவெளி குறைந்துகொண்டு வருவது தெரியும். குறித்த தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், அந்த உறையிலேயே இருக்கட்டும். அபிடவிட் எழுதும் நாளில் தேதிகள் எல்லாம் அதில் கிடைக்கும்.